நகராத புள்ளி

உலகத்தைக் காக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற கிழவர்களிடம் ஒப்படைப்பது என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. அது தானாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

வல்லரசுகள் மலையுச்சிகளில் கோடி கோடியாகக் கொட்டி ஆய்வுக்கூடங்கள் கட்டின. பிறகு அதே வல்லரசுகள், ஜனங்கள் கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டும் சினிமா பார்க்கட்டும் என்று லட்சக்கணக்கில் துணைக்கோள்களை மேலே அனுப்பின. ஒரு பெரிய தொலைநோக்கி ஐந்து நிமிடம் கண்ணைத் திறந்தால் போதும், படம் முழுக்கக் கோடுகள்; கைக்குழந்தைக்குப் பென்சில் கொடுத்த வீட்டுச் சுவர் மாதிரி. அந்தக் கிறுக்கலுக்குள் பூமியை நோக்கி வரும் மங்கலான கல் எங்கே தெரியப் போகிறது?

வழி இல்லாமல் இல்லை. ஒன்றிரண்டு நொடிக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கில் குட்டிப் படங்கள் எடுக்க வேண்டும். கோடு விழுந்ததைத் தூக்கி எறிய வேண்டும். மிச்சத்தைக் கணினியில் அடுக்கித் தேட வேண்டும். கொல்லையில் டெலஸ்கோப் வைத்திருந்தவர்கள் இதைப் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். ஓசியில் செய்ய ஆள் இருக்கும்போது எந்த அரசாங்கம் சம்பளம் கொடுக்கும்? ‘விண்காவல்’ என்று ஒரு பெயர் சூட்டி, ஆளுக்கொரு சான்றிதழை அச்சடித்து அனுப்பி, மனித குலத்தின் பாதுகாப்பை அவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

காங்கேயத்துக்கு வெளியே தோட்டத்து வீட்டில் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, குலதெய்வம் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் சென்னியப்பன். மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் மதித்த மனிதர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் அவர்தான்.

டெலஸ்கோப் ராத்திரி முழுக்கத் தானாக வேலை செய்யும். அவர் காலையில் எழுந்து, காப்பியோடு கணினி முன்னால் உட்கார்ந்து, இரவு சேர்ந்த படங்களைப் பார்ப்பார். அன்று செவ்வாய்க்கிழமை. எதிரே அவர் மனைவி தெய்வானை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ஒவ்வொரு படத்துலயும் ஒண்ணுமே தெரியலைங்கறீங்க. அத்தனையும் சேத்துனா மட்டும் எப்படிங்க தெரியும்?” என்று கேட்டாள். முப்பத்தைந்து வருடத்தில் அவர் வேலையைப் பற்றி அவள் கேட்ட மூன்றாவது கேள்வியாக இருக்கலாம்.

“உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். இருட்டுல பஸ் ஸ்டாண்டு. ஒருத்தன் நடந்து போறான். நூறு போட்டோ எடுக்கறோம். ஒண்ணுலயும் அவன் தெரியலை. ஆனா அவன் என்ன வேகத்துல, எந்தப் பக்கம் போறான்னு ஊகிச்சு, அதே அளவுக்குப் படத்தைத் தள்ளித் தள்ளி ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா, நூறு படத்துலயும் அவன் ஒரே இடத்துல விழுவான். பளிச்சுனு தெரிவான். மத்ததெல்லாம் கலைஞ்சு போயிரும்.”

“அவன் நடக்காம நின்னுட்டான்னா?”

“நின்னா அவன் ஆளே இல்லை. விளக்குக் கம்பம்” என்று சொல்லிவிட்டு, இதைவிட எளிமையாக விளக்க உலகத்தில் ஆள் கிடையாது என்ற திருப்தியோடு திரைக்குத் திரும்பினார்.

திரையில் ஒரு கோரிக்கை காத்திருந்தது. விண்காவலில் ஒருவர் கண்டதை இன்னொருவர் உறுதி செய்தால்தான் அது செல்லும். இந்த விதிக்குக் காரணம் உண்டு. கணினியில் போதுமான வேகங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால், வெறும் இரைச்சல்கூட எங்காவது ஒரு புள்ளியாகக் குவிந்து பல்லிளிக்கும். அப்படிக் குவிந்த புள்ளிகளுக்குத் தன் பெயரை வைக்கத் துடிக்கிற கிழவர்கள் உலகமெங்கும் உண்டு. அதனால் கண்டவர் ஒருவர், சாட்சி ஒருவர். சாட்சி, பக்கத்து மண்டலத்துக்காரர். இருவரும் ஒப்பிய பிறகுதான் மைய அலுவலகத்துக் கணினி அந்தக் கல் எங்கே, எப்போது வரும் என்று கணக்குப் போட்டு, அந்தந்த ஊருக்கு எச்சரிக்கை அனுப்பும்.

கோரிக்கையை அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் சென்னியப்பன் மூக்கைச் சுருக்கினார். அருப்புக்கோட்டை ராஜாமணி. அவருடைய சம்பந்தி.

ராஜாமணி வங்கி மேலாளராக இருந்தவர். சென்னியப்பனுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரிய டெலஸ்கோப்பை வாங்கி, சலவைக்கல் பீடம் கட்டி, ஆயுத பூஜைக்கு அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்து விண்காவல்காரர்களின் கைப்பேசிக் குழுவில் போடுகிறவர். ஏற்கெனவே இரண்டு முறை இரைச்சலைக் கல் என்று அறிவித்து அவமானப்பட்டவர். இதையெல்லாம்கூட சென்னியப்பன் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது பிள்ளைகளின் கல்யாணத்தில் நடந்தது. முதல் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவான சென்னியப்பனுக்கு இலை போட மறந்துவிட்டார்கள். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தபோது பால் பாயசம் தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. மூன்று வருடமாகச் செய்தி எல்லாம் வினோதினி வழியாகத்தான் போய்வரும். அவள் ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு மருமகள். ஒரு கடலோர மாவட்டத்தில் பேரிடர் பிரிவுத் துணை ஆட்சியர். புயலை எல்லாம் சமாளித்தவள் இந்த இருவரையும் சமாளிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் கோரிக்கையைத் திறந்தார். இடம் போட்டிருந்தது. வேகம் என்ற கட்டத்தில் ஏறக்குறைய பூஜ்யம். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“பாத்தியா தெய்வானை, உன்ற சம்பந்தி விளக்குக் கம்பத்தப் புடிச்சு, திருடன்னு போலீஸ்ல குடுத்திருக்காரு.”

நகராத கல் என்று ஒன்று உண்டா? நகராதது நட்சத்திரம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். சென்னியப்பன் ஒரு படத்தைக்கூடப் புரட்டவில்லை. ‘பொய்: நட்சத்திரம்’ என்று குறித்து அனுப்பினார். அது ராஜாமணிக்கு மூன்றாவது பொய். விதிப்படி ராஜாமணியின் கணக்கு அந்த நிமிடமே முடக்கப்பட்டது. மாநிலத்துக் கிழவர்கள் எல்லாம் இருக்கிற குழுவில், ‘அருப்புக்கோட்டையில் புதிய கண்டுபிடிப்பு: வானத்தில் நட்சத்திரம் இருக்கிறதாம்’ என்று ஒரு வரி போட்டார். பகல் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் வந்துகொண்டிருந்தன. மத்தியானம் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சிரிப்பு இன்னும் ஒரு நாள் நீடிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். புதன்கிழமை காலையில், இரவு தன் டெலஸ்கோப் அதே இடத்தில் எடுத்திருந்த படங்களைத் தேடி எடுத்தார். படத்தை நகர்த்தாமல் அப்படியே அடுக்கி, ‘இதோ சம்பந்தியின் கல்’ என்று அந்த நட்சத்திரத்துக்கு வட்டம் போட்டுக் குழுவுக்கு அனுப்புவதாகத் திட்டம்.

புள்ளி இருந்தது. வட்டம் போட்டார். பெயர் எழுதிவிடலாம் என்று நட்சத்திர அட்டவணையில் தேடினார். அந்த இடத்தில் நட்சத்திரம் எதுவும் இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை எடுத்துப் பார்த்தார். வெறும் இருட்டு. ராஜாமணியின் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். ஒரே நாளில் புள்ளி பிரகாசமாகியிருந்தது.

காப்பியைக் கீழே வைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் நடக்கிறவன் இடது பக்கம் போனால் இடது பக்கம் நகர்வான். வலது பக்கம் போனால் வலது பக்கம். உங்களை நோக்கி நேராக வருகிறவன் எந்தப் பக்கமும் நகர மாட்டான். நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டு வருவான்.

ஒரு மனிதன் என்றால் அந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு, தான் போட்ட ‘பொய்’யை அழித்துவிட்டு, ‘உண்மை’ என்ற பொத்தானை அழுத்தியிருப்பான். சென்னியப்பன் கணக்குப் போட உட்கார்ந்தார். ராஜாமணியின் இடத்தையும் தன் இடத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். கல் அன்று இரவே விழும். பெரிய கல் அல்ல, ஒரு லாரி அளவுதான்; ஆனால் நிறத்தைப் பார்த்தால் இரும்பாக இருக்கலாம், இரும்பு காற்றில் கரையாது. விழும் பாதை தமிழ்நாட்டை விட்டு விலகி, கிழக்குக் கடலில் ஒரு நீண்ட பட்டையாகக் கிடந்தது. துல்லியமாகச் சொல்ல மையக் கணினியால்தான் முடியும். மையக் கணினி வேலை செய்ய இரண்டு பேர் வேண்டும்.

அவர் ராஜாமணியின் பழைய கோரிக்கையைத் தொடவில்லை. புதிதாக ஒரு கோரிக்கையைத் திறந்து, ‘கண்டவர்: சென்னியப்பன், காங்கேயம்’ என்று எழுதி அனுப்பினார்.

அமைப்பு பணிவாகப் பதில் சொன்னது. அவருடைய மண்டலத்துக்கு உரிய சாட்சி, அருப்புக்கோட்டை ராஜாமணி. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. அடுத்த சாட்சி இலங்கையில். அங்கே இரண்டு நாளாக மேகம். அதற்கடுத்தவர் இருக்கும் ஊரில் இருட்ட இன்னும் நெடுநேரம் ஆகும். காத்திருக்கவும்.

நேற்று ஒருவன் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, இன்று அவனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற வேடிக்கை அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முடக்கத்தை நீக்க ஒரே வழி, ‘நான் சொன்னது தவறு’ என்று அவரே எழுதுவது. எழுதினால் கண்டவர் ராஜாமணி என்று ஆகிவிடும். எழுதுவதா, காத்திருப்பதா என்று மத்தியானம் வரை அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வினோதினி கூப்பிட்டாள்.

“மாமா, அப்பா நேத்துல இருந்து புலம்பிட்டு இருக்காரு. நகராத கல்லுதான் ஆபத்துங்கறாரு. ஏதோ கோவத்துல பேசுறாருன்னு விட்டுட்டேன். மனசு கேக்கல. உங்க படத்துல ஏதாச்சும் இருக்கா?”

தன் கணக்கைச் சொல்லிக்காட்ட ஓர் ஆள் கிடைத்ததில் சென்னியப்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கிழக்குக் கடல், பட்டை, இரவு.

“அது எங்க மாவட்டத்துக் கடல் மாமா. விடியறதுக்கு முன்னாடியே படகெல்லாம் போயாச்சு. எழுநூறு படகு. தூரத்துல இருக்கறது திரும்பி வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். விண்காவல் எச்சரிக்கை இல்லாம கடலோரக் காவல் படகை அனுப்ப மாட்டாங்க, விதி அப்படி. நீங்க அந்தப் பொய்ங்கறத எடுத்துட்டு உண்மைன்னு அழுத்துங்க.”

“அழுத்தறேன் அம்மிணி. உங்கப்பன் ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசட்டும்.”

“இதுல பேச என்ன இருக்கு?”

“மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ.”

அவள் அப்பாவிடம் கெஞ்சினாளோ, மிரட்டினாளோ, அரை மணியில் ராஜாமணி கூப்பிட்டார். மூன்று வருடம் கழித்து இரண்டு சம்பந்திகளும் பேசிய பேச்சை இங்கே எழுதினால் தாளுக்குக் கேடு. சுருக்கமாகச் சொன்னால், ராஜாமணி குழுவில் பகிரங்க மன்னிப்பு கேட்கச் சொன்னார். கல்லை உண்மையில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது தான்தான் என்றும், ராஜாமணி கண்டது குருட்டு அதிர்ஷ்டம் என்றும் சென்னியப்பன் சொன்னார். ‘இருவர் சேர்ந்து கண்டது’ என்று போடலாம் என்ற யோசனை ஒரு கட்டத்தில் எழுந்தது. யார் பெயர் முதலில் என்பதில் அது செத்தது. அகரவரிசைப்படி தன் பெயர்தான் முந்தும் என்று சென்னியப்பன் வாதிட்டார். வயதில் தான் மூத்தவன் என்று ராஜாமணி சொன்னார். பிறகு பேச்சு பாயசத்துக்குப் போனது.

“சம்பந்தி, பாயசம் தீந்ததுக்கு நானா பொறுப்பு? உங்க பக்கத்து ஆளுக குடிச்ச குடி அப்படி” என்று ராஜாமணி சொல்லிக்கொண்டிருந்தபோது, சென்னியப்பன் கையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது.

‘உங்கள் உறுதிப்பாடு ஏற்கப்பட்டது. எச்சரிக்கை அனுப்பப்பட்டது. நன்றி.’

அவர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் எதையும் அவர் தொடவில்லை. கைப்பேசிக்குள்ளிருந்து ராஜாமணி இன்னும் பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று அடுக்கிக்கொண்டிருந்தார். மணி நான்கு ஆகியிருந்தது.

அன்று இரவு கல் விழுந்தது. ஊரில் பாதிப் பேர் மாடியில் நின்று பார்த்தார்கள். கிழக்கே அடிவானம் ஒரு கணம் பகல் போல வெளுத்தது, அவ்வளவுதான். கடலில் நடந்ததை மறுநாள் செய்தியில் சொன்னார்கள். எழுநூறு படகில் ஒன்றைத் தவிர எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, அல்லது பட்டையை விட்டு வெளியேறிவிட்டன. மிகத் தொலைவில் இருந்த ஒரு படகுக்கு மட்டும் நேரம் போதவில்லை. மூன்று பேர்.

வினோதினி கூப்பிட்டபோது குரல் கரகரத்திருந்தது. விண்காவலில் சேர்ந்த நாளில் இருவர் கணக்கையும் தொடங்கிக் கொடுத்தது அவள்தான். கடவுச்சொல் இரண்டு பேருக்கும் இன்று வரை தெரியாது, தேவைப்பட்டால் அவளைத்தான் கேட்பார்கள். நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வருவீர்கள் என்று காத்திருந்தேன், பிறகு நானே உங்கள் கணக்கைத் திறந்து அழுத்திவிட்டேன் என்று சொன்னாள். விசாரணைக்கு ஆள் வருகிறார்கள் என்றும் சொன்னாள். சாட்சியின் பெயரில் இன்னொருவர் அழுத்துவது மோசடி. வேலை போவது நிச்சயம், வழக்கும் வரலாம்.

“பேரை எப்படி அம்மிணி போட்டிருக்குது?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“என்ன பேரு மாமா?”

“கண்டது யாருன்னு?”

“அப்பா பேரு” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

விசாரணை அதிகாரி அடுத்த வாரம் தோட்டத்துக்கே வந்தார். சுபத்ரா என்ற மலையாளப் பெண்மணி, திருத்தமாகத் தமிழ் பேசினார். தெய்வானை கொண்டுவந்த மோரை வாங்கி வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். உறுதிப்பாடு இந்த வீட்டிலிருந்து போகவில்லை, கடலோர மாவட்ட அலுவலகத்திலிருந்து போயிருக்கிறது. யார் அழுத்தியது?

சென்னியப்பன் ஒரு வாரமாக இதை யோசித்திருந்தார். ‘நான் இல்லை’ என்பது அவருக்கு மிகவும் பிடித்த பதில். உறுதிப்பாடு செல்லாது என்றால் ராஜாமணியின் கண்டுபிடிப்பும் செல்லாது. பதிவேட்டில் அந்த இடம் காலியாகக் கிடக்கும். மருமகள் செய்தது தப்புதானே, தப்புக்குத் தண்டனை உண்டுதானே என்று தெய்வானையிடம் நியாயம்கூடப் பேசிப் பார்த்தார். தெய்வானை அன்று அவருக்குச் சோறு போடவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“உதவியாளர் அழுத்தினால்கூடத் தவறில்லை” என்றார் சுபத்ரா. “முடிவு சாட்சியினுடையதாக இருந்தால் போதும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். முடிவு உங்களுடையதுதானா?”

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு” என்று சுபத்ரா தொடர்ந்தார். “கண்டவர் தனியாக எதுவும் செய்ய முடியாது. தன்னுடைய முந்தைய கருத்தையே மாற்றிக்கொண்டு சாட்சி உறுதி செய்ததால்தான் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இந்த ஆண்டு விருது சாட்சிக்குத்தான் என்று பேச்சு.”

கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியது.

“முடிவு என்னுதுதானுங்க” என்றார் சென்னியப்பன். “நான் போன்ல சொல்லச் சொல்ல மருமவ அழுத்தினா. நமக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல் பாருங்க.”

விருது வந்தது. தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். காங்கேயத்து வியாபாரிகள் சங்கம், மின்வாரிய ஓய்வூதியர்கள், உள்ளூர்த் தொலைக்காட்சி, எல்லாரும் வந்தார்கள். ராஜாமணியும் சரிகை வேட்டியோடு வந்து, முன் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வினோதினி வேலை தப்பியவளாக, கடைசி வரிசையில் தெய்வானைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

ஒரு மாதத்தில் சென்னியப்பன் இந்தக் கதையை நாற்பது ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் மெருகேறியது. முதலில் மருமகள் கெஞ்சினாள், அவர் அழுத்தச் சொன்னார். பிறகு அவர் சொன்னார், மருமகள் தயங்கினாள். இப்போது மருமகளே கதையில் இல்லை. அவர் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். நினைவே அப்படி ஆகிவிட்டது.

“படத்தப் பாத்தேன். அட்டவணையப் பாத்தேன். நேரா நம்மள நோக்கித்தான் வருதுன்னு கண்டுக்கிட்டேன்” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். “நேத்து நானே பொய்யின்னு சொன்னதாச்சேன்னு ஒரு கணம்கூட யோசிக்கலைங்க. மானம் பெருசா, மனுசன் உசிரு பெருசா? காலைல எட்டரை மணி இருக்கும். எந்திரிச்சு நின்னபடியே அழுத்திப்போட்டேன்.”

கைதட்டல் எழுந்து அடங்கியது. கடைசி வரிசையில் வினோதினி எழுந்து நின்றிருந்தாள். ஏதோ வாழ்த்துச் சொல்லப் போகிறாள் என்று நினைத்துத் தொலைக்காட்சிக்காரர் கேமராவை அவள் பக்கம் திருப்பினார்.

“மாமா, எச்சரிக்கை வந்தது நாலு மணிக்கு” என்றாள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். “நாலு மணி வரைக்கும் நான் காத்துட்டு இருந்தேன். அதை நெனச்சுத்தான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல. அமலதாஸ், அவர் தம்பி சூசை, அவங்க அக்கா மகன் ரீகன். அந்த வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போயிட்டு வர்றேன். காலைல எட்டரைக்கு அழுத்தியிருந்தா அவங்க சாயங்காலத்துக்குள்ள கரைக்கு வந்திருப்பாங்க மாமா.”

பந்தலில் எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். சென்னியப்பன் வாயைத் திறந்தார். நாலு மணிக்குத்தான் அழுத்தினேன் என்றால் எட்டரையிலிருந்து நாலு வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள். அழுத்தவே இல்லை என்றால் கழுத்தில் கிடக்கிற பதக்கத்தைக் கழற்ற வேண்டும், மருமகளும் மாட்டுவாள். மூன்று பெயர்களும் அங்கேயே நின்றன.

அவர் உதவிக்கு முன் வரிசையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்பந்தியைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். அந்த நாலு மணி வரை தொலைபேசியின் மறுமுனையில் இருந்த ராஜாமணி, குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.